இரவுக்குப் புட்டுத்தான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன்மார் இருவருக்கும் அக்காவுக்கும், இந்தச் சனசமூக நிலைய மண்டபத்தில் பாயிலும் கதிரையிலும் நெருங்கி இருக்கும் எங்கள் ஊர்ச் சனத்துக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை வாசிக்கிறேன். எனக்கு முன் பேசிய அண்ணன் அதை வழியில் எங்கேயோ இறக்கிவிட்டு வந்துவிட்டார். "வேலை நாள் இரவில் குடும்பத்துக்கு நிறைவு தருவது பாடுபட்டுச் சமைத்த பல கறியா, இலேசாகச் செய்த ஒரு சாப்பாடா?" நாங்கள் இலேசான சாப்பாட்டின் பக்கம். அண்ணன் என்ன செய்தார்? நாலு கறி, ஒரு வறை, சொதி, அப்பளம், மோர் மிளகாய், தயிர் என்று இந்த மேடையிலேயே வாழையிலை போட்டார். எனக்கே வாயூறியது. ஆனால் அந்த இலையை எத்தனை மணிக்குப் போடுவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன். எனக்கு வேலை நாலரைக்கு முடியும். பஸ் பிடித்து வீடு வர ஐந்தேகால், சில நாள் ஐந்தரை. மூத்தவளுக்கு இந்த வருடம் ஓ.எல். பரீட்சை, அவளுடைய ரியூசன் ஆறரைக்கு விடும். சின்னவன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பு. அவனுக்குப் பரீட்சையா எனக்குப் பரீட்சையா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேரையும் கூட்டி வந்து, குளிக்க விட்டு, நான் குசினி விளக்கைப் போடும்போது ஏழு மணி. எட்டரைக்குச் சின்னவனுக்குக் கண் சொருகிவிடும். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் அண்ணனின் இலை முழுவதையும் சமைக்கலாம், நான் மறுக்கவில்லை. பிள்ளை நித்திரையான பிறகு அதை யாருக்குப் பரிமாறுவது?

எதிரணித் தலைவர் தொடக்கத்திலேயே ஒரு பெரிய குற்றச்சாட்டு வைத்தார். எளிய சமையல் வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கமாம், யாழ்ப்பாணத்துக் குசினியில் அதற்கு இடமே இல்லையாம், பாணை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பாடு என்கிறோமாம். நல்லது. பாண் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல், ஒத்துக்கொள்கிறேன். தலைவர் சொன்ன 'குசினி'யும் போர்த்துக்கேயச் சொல்தான். அவர் எழுந்து வந்த 'கதிரை'யும் போர்த்துக்கேயச் சொல்தான். வெளிநாட்டுக் கதிரையில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் குசினியில் சமைக்கலாம், பாண் மட்டும் ஆகாது என்றால் அது என்ன நியாயம்?

அது பகிடிக்குச் சொன்னது. உண்மையான பதிலை நடுவரிடமே கேட்கிறேன். ஐயா, நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உங்கள் அம்மா இரவுக்கு என்ன தந்தார்? சோறும் ஏழு கறியுமா? நடுவர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். எங்கள் ஊரில் சோறும் கறியும் மத்தியானத்துக்கு உரியவை. பொழுதுபட்டால் புட்டு, இடியப்பம், தோசை, ரொட்டி. மத்தியானம் மிஞ்சிய மீன்குழம்பை ஒரு கொதி விட்டு எடுத்தால் புட்டுக்குப் போதும். பழங்கறிதான் ருசி என்று கோப்பையை வழித்துச் சாப்பிட்டோம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் சைவம் காக்கும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மத்தியானம் இலை போட்டு வடை பாயசத்தோடு சாப்பிட்டவர்கள், இரவில் சாமி பார்த்து வந்து கால் கழுவியதும் கேட்பது இடியப்பமும் சொதியும்.

அப்படியானால் இந்த 'இரவுக்கு நாலு கறி' எங்கிருந்து வந்தது? நான் யோசித்துப் பார்த்தேன். மத்தியானத்தில் வீட்டில் ஆள் இல்லாமல் போய்விட்டது. அம்மா கந்தோரில், அப்பா கடையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மத்தியானச் சோறு விடியக் கட்டிய பெட்டிக்குள் போய்விட்டது. எல்லோரும் ஒன்றாக இருக்கும் ஒரே வேளை இரவு என்று ஆனது. உடனே மத்தியானத்துக்குக் கொடுத்த மரியாதை முழுவதையும் இரவிடம் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டோம். காலை ஒன்பது மணிக்கு மீன்காரரிடம் மீன் வாங்கி, ஆறுதலாகக் காய் வெட்டி, பன்னிரண்டரைக்கு இறக்கிய சமையலை, நாள் முழுக்க வேலை செய்து களைத்து வந்தவளிடம் இரவு ஏழு மணிக்குக் கேட்கிறோம். தலைவர் பழைமைக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். பாவம், அவர் வாதாடுவது எங்கள் காலத்தில் முளைத்த ஒரு புதுப் பழக்கத்துக்காக. ஆச்சியின் புட்டுப் பானை எங்கள் அணியில்தான் இருக்கிறது.

இரண்டாவதாகப் பேசிய அக்கா 'சுருக்குவழி' என்ற சொல்லை ஏசுவதுபோலவே சொன்னார். அக்கா, உங்கள் வீட்டில் தூள்ப் போத்தல் இருக்கிறதா? செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் பதம் பார்த்து வறுத்து, மில்லில் கொடுத்து இடிப்பித்து, ஆறவிட்டுப் போத்தலில் அடைக்கிறோமே, அது என்ன? எட்டுச் சரக்கை நாளும் பொழுதும் வறுத்து அரைக்கும் வேலையை ஒரு கரண்டிக்குள் அடக்கிய சுருக்குவழி. வறுத்த அரிசிமாவும் அப்படித்தான். ஈரம் போக வறுத்துப் பேணியில் போட்டால் நாள்பட இருக்கும். எந்த இரவானாலும் கொதிதண்ணீர் மட்டும் இருந்தால் போதும். பாட்டை ஒரு நாளில் பட்டுவிட்டு மற்ற நாட்களில் கையை வீசி நடக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஆச்சிமார். அவர்களை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அகப்பைக்காம்பு பேசியிருக்கும்.

எங்கள் வீட்டுத் திங்கட்கிழமையைச் சொல்கிறேன், நேரம் பாருங்கள். ஏழு மணிக்கு, புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை வைக்கும் பானையில் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள்ளேயே கழுவிய நாலு முட்டை. இதை மாமி கண்டால் ஏசுவார் என்று பயந்தேன். கண்டார், ஏசினார், இப்போது அவரும் அப்படித்தான் அவிக்கிறார். மற்ற அடுப்பில் வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை போட்டுக் கப்பிப் பாலில், அதுதான் தண்ணிப் பாலில், சொதி கொதிக்கிறது. மாவுக்கு உப்புப் போட்டு, கொதித்த தண்ணீர் விட்டு அகப்பைக்காம்பால் கிளறி, அரிசி அளக்கும் சுண்டின் விளிம்பால் கொத்து கொத்தென்று கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் போடுகிறேன். ஆவி மேலே வந்த பிறகு ஒரு பத்து நிமிடம். அதற்குள் சொதிக்கு முதற்பாலை விட்டு, கொதித்துத் திரைய விடாமல் இறக்கி, தேசிக்காய் பிழிந்து, அவித்த முட்டையைப் பாதியாக வெட்டிப் போடுகிறேன். ஏழே முக்காலுக்கு நாலு பேரும் இருந்து சாப்பிடுகிறோம். கழுவ இருப்பது இரண்டு பானையும் நாலு கோப்பையும்.

தேங்காயை யார் திருவியது என்று அண்ணன் அங்கிருந்து கேட்கிறார். நல்ல கேள்வி, அதுவும் தேங்காய் திருவாதவரிடமிருந்து. இந்த வேலையில் இடுப்பை முறிப்பது திருவலைதான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் மூன்று தேங்காய் திருவித் தருவார். ஒரு நேரத்துக்கு அளவாகப் பொட்டலம் கட்டி உறைபெட்டியில் வைத்துவிடுவேன். பொய் சொல்லக்கூடாது, அந்தப் பாலுக்குப் புதுத் தேங்காயின் மணம் வராது. சம்பலுக்கு அது சரியே வராது, தண்ணீர் விட்டுவிடும். சொதிக்கும் பருப்புக்கும் தாராளமாகப் போதும். இடிச்ச சம்பல் வேண்டுமா, சனிக்கிழமை வாருங்கள்.

செவ்வாய்க்கிழமை மைசூர்ப் பருப்பு. தோல் நீக்கி உடைத்த பருப்பு என்பதால் ஊறப்போட வேண்டாம், இருபது நிமிடத்தில் கரையும். இறக்கும் நேரம் ஒரு பிடி முருங்கையிலை. வெதுப்பகத்தில் பின்னேரம் இறக்கிய சூட்டோடு ஒரு றாத்தல் பாண். புதன்கிழமை ரொட்டி, கட்டைச் சம்பல். வியாழன் பக்கத்து வீட்டு அன்ரியிடம் இருபது இடியப்பம் வாங்குவேன், அவர் தொழிலாகவே அவிக்கிறார், சொதி மட்டும் என் கையால். இதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் அவித்துக் கொடுக்கும் பலகாரத்தை வரிசையில் நின்று வாங்கும்போது இந்த ஊரில் யார் வெட்கப்படுகிறார்கள்? வெள்ளிக்கிழமை றவை உப்புமா. வெள்ளியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

மிச்சச் சோற்றைப் பற்றி அக்கா சொன்னதில் ஒன்று சரி. மத்தியானம் வடித்த சோறு இந்த வெக்கையில் இரவுவரை மேசையில் கிடக்கக்கூடாது. சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்து அடுத்த நாளுக்குள் முடித்துவிட வேண்டும். அந்தக் கருத்தை எடுத்துக்கொள்கிறேன், நன்றி அக்கா.

அதேபோல், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். தலைவர் அதை எங்களுக்கு எதிராக வைத்தார், எங்கள் அணித் தம்பி அவசரப்பட்டு "அதுவும் ஒரு பானைச் சாப்பாடுதானே" என்று தன் பக்கம் இழுத்தார். தம்பி, விடு. நண்டு உடைத்து, இறால் உரித்து, ஒடியல் மாவை ஊறப்போட்டுக் கைப்புப் போகத் தண்ணீர் மாற்றி, பலாக்கொட்டைக்குத் தோல் நீக்கி, மரவள்ளி வெட்டி... ஒரு பானைதான், ஆனால் ஒரு முழு நாளின் வேலை. சொந்தம் எல்லாம் கூடி, பிலாவிலை கோலிக் குடிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கே கூழை வைத்துக்கொள்வோம். விருந்தைக் குறைக்கச் சொல்லி நாங்கள் இங்கே வரவில்லை.

இனிக் கொத்துரொட்டிக்கு வருகிறேன். எதிரணியின் மூன்று பேரும் அதைத் தொட்டுவிட்டார்கள், பசி போலிருக்கிறது. எளிது எளிது என்று போனால் கடைசியில் கடைக் கொத்தில்தான் முடியும் என்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. எங்கள் வீட்டில் கொத்து அதிகம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. நானும் நாலு கறிதான் சாப்பாடு என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆறு மணிக்கு வீட்டுக்குள் கால் வைக்கும்போதே அந்த நாலு கறியும் மலைபோலத் தெரியும். இன்றைக்கு என்னால் ஏலாது என்று கடைக்குப் போன் எடுத்துவிடுவேன். அந்த மாதக் கடைக் கணக்கை வீட்டுக்காரரிடம் காட்டவே இல்லை. நடுவர் அவர்களே, அவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார், இப்போதுதான் கேட்கிறார். புட்டும் முட்டைச் சொதியும் சாப்பாடுதான் என்று மனது ஒத்துக்கொண்ட பிறகு அந்தப் போன் குறைந்துவிட்டது. பெரிய அளவுகோல் வைத்தவர்கள்தான் கடைக்குப் போகிறார்கள், ஐயா. சின்ன அளவுகோல் வைத்தவர்கள் வீட்டில் அவிக்கிறார்கள்.

இன்னொன்று, அடுப்பு எங்களுக்குத் தந்த பாடம். 1990களில் யாழ்ப்பாணத்தின் மீதிருந்த பொருளாதாரத் தடையில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை. ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தத் தேவையில்லாமல் அம்மா பொழுதுபட முன்னமே ரொட்டி சுட்டு முடித்துவிடுவார். அதே ஊர் 2022 இல் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. கறி குறைந்ததைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. அந்த ரொட்டி வாசத்தைப் பற்றி என் அண்ணன் இன்றைக்கும் ரொறொன்ரோவிலிருந்து போனில் கேட்கிறான்.

மணி ஒருமுறை அடித்துவிட்டது, நேரத்துக்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். நாலு கறி வைக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அதனால் பத்து வருடம் அந்த அடுப்படியில் நான் ஒருத்திதான் நின்றேன். சமையலை இலேசாக்கிய பிறகு என்ன நடந்தது என்றால், மூத்தவள் சொதி வைக்கிறாள். உப்புக் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. காலையில் மிஞ்சின புட்டைத் தாச்சியில் முட்டையோடு போட்டுக் கிண்டி வீட்டுக்காரர் கோப்பையில் வைக்கிறார். கல்யாணம் செய்து பதினாறு வருடத்தில் அவர் சமைத்து நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. சின்னவன் முட்டைக் கோது உரிப்பான், பாதி வெள்ளைக் கருவும் கோதோடு போய்விடும். கஷ்டமான சமையலை யாரிடமும் ஒப்படைக்க முடியாது, ஐயா. இந்த மண்டபத்தில் இருக்கும் அம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள், 'நீ விடு, நானே செய்கிறேன்' என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள் என்று. இலேசான சமையல்தான் இன்னொருவர் கைக்குப் போகும்.

கடைசி மணியும் அடித்துவிட்டது. ஒரு சாட்சியை மட்டும் அழைத்துவிட்டு இறங்குகிறேன். மேடை ஏறமுன் நாங்கள் எல்லோரும் பின்னால் நின்று பிளேன்ரீ குடித்தோம். அப்போது எதிரணித் தலைவருக்கு வீட்டிலிருந்து ஒரு போன் வந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, அவர் குரல் அப்படி. "நான் வரப் பிந்தும், நீர் ஒன்றுக்கும் மினக்கெடாதையும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பாணும் சம்பலும் காணும்" என்றார்.

சாட்சி அந்தக் கதிரையில்தான் இருக்கிறார், நடுவர் அவர்களே. நீங்களே விசாரியுங்கள். வணக்கம்.