அவரவர் தராசு

(காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பொங்கல் விழா மேடையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'போட்டிக் கம்பெனிகளின் மல்யுத்த நிகழ்ச்சிகளுக்கு மதிப்பெண் போட உகந்தது ஒரே தராசா, அவரவர் தராசா?' இது 'அவரவர் தராசே' அணியின் பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களே, 'ஒரே தராசு' என்று ஒரே பிடியாக நிற்கும் எதிரணி நண்பர்களே, காலையில் எருது விட்ட புழுதியைக்கூடத் தட்டாமல் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வருடா வருடம் இந்த மேடையில் மாமியாரா மருமகளா என்றுதான் பேசுவோம். இந்த வருடம் பையன்கள் சேர்ந்து ரெஸ்லிங் தலைப்பைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று முன்வரிசையில் ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. சின்ன வித்தியாசம் இருக்கிறது அக்கா. ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பார் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுவார்கள்.

எனக்கு முன்னால் பேசிய ஆசிரியர் அண்ணன், 'ஆளுக்கு ஆள் மாறினால் அது அளவுகோலே இல்லை' என்றார். பொதுத் தராசு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்றும் சொன்னார். அமெரிக்காவில் டேவ் மெல்ட்சர் என்ற பத்திரிகையாளர் 1980களிலிருந்து தன் செய்திமடலில் ஆட்டத்துக்கு ஆட்டம் நட்சத்திரம் போடுகிறார். கம்பெனி பார்ப்பதில்லை, நாடு பார்ப்பதில்லை, ஐந்துக்கு இத்தனை, அவ்வளவுதான் என்றார்.

சரி, அந்தத் தராசையே மேடைக்குக் கொண்டுவருவோம். 2017 ஜனவரி 4, டோக்கியோ டோம். நியூ ஜப்பான் கம்பெனியின் நிகழ்ச்சியில் கசுசிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் மோதினார்கள். மெல்ட்சர் போட்டது ஆறு. ஐந்துக்கு ஆறு! அடுத்த வருடம் ஜூனில் அதே இருவரும் ஒசாகாவில் ஒரு மணி நேரத்தைத் தாண்டி மோதினார்கள். அதற்கு ஏழு.

ஐயா, நான் மாங்காய் மண்டியில் எடை போடுகிறவன். ஐந்து கிலோ படிக்கல்லை வைத்து எங்கள் தராசு ஏழு காட்டினால், முத்திரை போட வரும் அதிகாரி அதைப் பாராட்டிவிட்டுப் போகமாட்டார், தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்த ஆட்டங்களை நான் குறை சொல்லவில்லை. ஒசாகா ஆட்டத்தைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் ஏழு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒகாடா 720 நாள் பட்டத்தைக் கையில் வைத்திருந்தார். முதல் மோதலில் ஒமேகா தோற்றார். இரண்டாவது மோதல் ஒரு மணி நேரம் ஓடிச் சமனில் முடிந்தது. அதையெல்லாம் மனதில் சுமந்துகொண்டு வந்த கூட்டத்தின் முன்னால் கடைசியில் ஒமேகா ஜெயித்தார். மெல்ட்சர் அந்த ஆட்டத்தை உலகத்து ஆட்டங்களோடு வைத்துப் பார்க்கவில்லை, அந்த இருவரின் பழைய ஆட்டத்தோடு வைத்துப் பார்த்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆறு போட்டாகிவிட்டது, இது அதைவிட மேல், அப்போது ஏழுதானே? அண்ணன் எந்தத் தராசைப் பொதுத் தராசு என்றாரோ, அந்தத் தராசுக்காரரே அவசரத்துக்கு எங்கள் அணிக்கு வந்துவிட்டார்.

அதே கையால் அவர் போட்ட இன்னொரு மதிப்பெண்ணையும் சொல்ல வேண்டும். 1987 மார்ச் 29, டபிள்யூடபிள்யூஎஃப் என்ற அமெரிக்கக் கம்பெனி வருடா வருடம் நடத்தும் பெரிய விழாவான ரெஸில்மேனியாவின் மூன்றாவது வருடம். கம்பெனி சொன்ன கணக்குப்படி 93,173 பேர் கூடிய கூட்டம். ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே த ஜெயண்ட்டும் மோதினார்கள். ஆந்த்ரேயின் எடை 520 பவுண்டு என்று அறிவித்தார்கள். எங்கள் மண்டிக் கணக்கில், இருபது கிலோ கிரேட் ஏறக்குறைய பன்னிரண்டு. அப்போதே அவருக்கு உடம்பு சரியில்லை. முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்து நின்றார். ஆரம்பத்திலேயே ஹோகன் அவரைத் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை, அந்த மலை அப்படியே மேலே சரிகிறது. அப்புறம் ரொம்ப நேரம் ஆந்த்ரே கட்டிப் பிடித்து நெரிக்கிறார். வேகம் கிடையாது, வித்தை கிடையாது. கடைசியில் ஹோகன் அவரைத் தூக்கித் தரையில் போடுகிறார். முடிந்தது.

மெல்ட்சர் போட்ட நட்சத்திரம் என்ன தெரியுமா? மைனஸ் நான்கு. பூஜ்யத்துக்கும் கீழே நான்கு!

அந்தத் தராசுப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். பிடிக்குப் பிடி, நொடிக்கு நொடி பார்த்தால் அன்றைக்கு அது மோசமான ஆட்டம்தான். அதே இரவில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடியதற்கு நாலரை போட்டார், அதுவும் நியாயம். ஆனால் அந்தக் கூட்டம் டிக்கெட் வாங்கியது எதைப் பார்க்க? தூக்கவே முடியாதவனை ஒருத்தன் தூக்குவானா, மாட்டானா? அந்த ஒரு கேள்விக்குத்தான். அந்தக் கேள்விக்கு அந்த ஆட்டம் பதில் சொன்னதா, இல்லையா? ரெஸ்லிங் என்றாலே கண்முன் வரும் படம் அந்தத் தூக்கல்தான். அதற்கு மைனஸ் நான்கு போடுகிற தராசை நான் திருடன் என்று சொல்லவில்லை, அது வேறு சரக்கு நிறுக்கிற தராசு.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம், திரௌபதி அம்மன் கோயில் வரைக்கும் போனால் போதும். பதினெட்டாம் நாள் படுகளம். துரியோதனன் மண்ணால் மலைபோல் மல்லாந்து கிடக்கிறான். கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர் ஓடுகிறார், பீமன் துரத்துகிறான். யார் ஜெயிப்பார் என்பது நமக்குத் தெரியாதா? 'முடிவுதான் முன்னாடியே தெரியுமே, இதுக்கெல்லாம் என்ன மார்க்கு' என்று ரெஸ்லிங்கைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், படுகளத்தன்று மட்டும் விடியற்காலையிலேயே இடம் பிடிக்கிறார்கள். பீமன் கதாயுதத்தை எத்தனை தினுசாகச் சுழற்றினான் என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை. தொடை பிளக்க வேண்டும், பாஞ்சாலி கூந்தல் முடிய வேண்டும். அது நடக்கும்போது நம் உடம்பு சிலிர்த்ததா? அதுதான் மதிப்பெண். ஆனால் அதே கூத்தில் கட்டியங்காரன் வந்தால் சிலிர்ப்பைத் தேட மாட்டோம், வயிறு வலிக்கச் சிரித்தோமா என்றுதான் பார்ப்போம். ஒரே கூத்துக்குள்ளேயே இரண்டு தராசு வைத்திருக்கும் ஜனங்களிடம் வந்து, உலகத்துக்கே ஒரு தராசு போதும் என்கிறார் அண்ணன்.

அடுத்து கல்லூரித் தங்கை பேசியது. 'நட்சத்திரம் ஒரு தனி மனிதரின் ரசனை, அதை விடுங்கள். எத்தனை பேர் டிவியில் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை பொய் சொல்லாது' என்றது. கெட்டிக்காரப் பேச்சுதான். அந்த எண்ணிக்கையை வைத்தே இரண்டு கம்பெனிகள் வருடக்கணக்கில் மோதின. டபிள்யூடபிள்யூஎஃப் திங்கள் இரவு டிவியில் 'ரா' என்ற நிகழ்ச்சியை நடத்தியது. 1995 செப்டம்பரில் போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூ அதே திங்கள் இரவு 'நைட்ரோ'வை ஆரம்பித்தது. எதிரெதிரே இரண்டு டீக்கடை மாதிரி. 1996 நடுவிலிருந்து தொடர்ந்து 83 வாரம் நைட்ரோவுக்குத்தான் கூட்டம். அந்த 83 வாரம் ஜெயித்த கடை 2001 மார்ச்சில் எதிர்க்கடைக்கே விலை போனது. தங்கையின் எண்ணிக்கை பொய் சொல்லவில்லை, ஆனால் கடைக்குள் அடுப்பு அணைந்துகொண்டிருந்ததை அது சொல்லவே இல்லை.

நடுவர் ஐயா, இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது? இருக்கட்டும், இந்த ஒரு கதையை முழுதாகச் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன்.

1999 ஜனவரி 4. அன்றைக்கு ரா நேரலை இல்லை, முன்பே பதிவு செய்தது. என்ன நடக்கும் என்று நைட்ரோவுக்குத் தெரியும். மேலிடத்து உத்தரவுப்படி நைட்ரோ வர்ணனையாளர் நேரலையிலேயே போட்டுடைத்தார்: எதிர்க்கம்பெனியில் இன்றைக்கு மிக் ஃபோலி பட்டம் ஜெயிக்கப் போகிறார். சொன்னதோடு விட்டாரா? இதுக்குப் போய்க் கூட்டம் வருமாக்கும் என்கிற மாதிரி ஒரு நக்கலும் அடித்தார். போட்டிக் கம்பெனியின் நிகழ்ச்சிக்கு, ஒளிபரப்பு நடக்கும்போதே, சொந்த மேடையிலிருந்து மார்க்குப் போட்டார்கள்!

எந்தத் தராசில் போட்டார்கள்? தங்கள் தராசில். சாம்பியன் என்றால் பாறைபோல் உடம்பு, பளபளவென்று தோற்றம். ஃபோலிக்கு என்ன இருக்கிறது? தொந்தி, கலைந்த தலை, பாதி போன ஒரு காது. அந்தக் காதே 1994-இல் இவர்கள் கம்பெனி ஆட்டத்தில்தான் போனது, அது வேறு விஷயம். ஆனால் ராவின் ஜனங்களுடைய தராசு வேறு. ஆறு மாதம் முன்புதான் அவர் கூண்டின் உச்சியிலிருந்து மேஜைமேல் வீசப்பட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். விழுந்தவர் எழுந்து மறுபடியும் ஏறியதையும் பார்த்தவர்கள். அவருக்கு ஒரு நாள் வராதா என்று காத்திருந்தவர்கள். அந்த நாள் இன்றைக்குத்தான் என்று எதிர்க்கடைக்காரனே தண்டோரா போட்டால் என்ன செய்வார்கள்? லட்சக்கணக்கில் சேனலை மாற்றினார்கள். தங்கள் தராசு தவிர உலகத்தில் தராசே இல்லை என்று நினைத்தவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த பரிசு அது. அதே இரவில் நைட்ரோவின் கடைசி ஆட்டத்தில் ஹோகன் ஒரு விரலால் கெவின் நாஷ் நெஞ்சில் குத்த, நாஷ் மரம்போல் மல்லாந்து விழுந்து பட்டத்தை விட்டுக்கொடுத்தார். அதைப் பற்றி நான் பேசினால் விழா மேடைக்கு ஆகாது.

எதிரணி அடுத்து என்ன கேட்கும் என்பதும் தெரியும். 'அவரவர் தராசு என்றால், எனக்குப் பிடித்த கம்பெனிக்கு ஐந்து, உனக்குப் பிடித்ததற்கு ஒன்றரை என்று ஆகிவிடாதா?' ஆகும். நானே அதைச் செய்திருக்கிறேன். என் பெரியப்பா மகனும் நானும் ஒரு நிகழ்ச்சிக்கு மார்க்குப் போடப்போய் ஒரு தீபாவளி முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. பெரியம்மா வீட்டு அதிரசம் அந்த வருடம் எனக்கு வரவில்லை என்பதுதான் இன்றைக்கும் வருத்தம்.

ஆனால் நாங்கள் சொல்லும் தராசு ரசிகனுடையது இல்லை. கம்பெனி தன் வாயால் என்ன வாக்குக் கொடுத்ததோ, அதுதான் தராசு. அது சலுகைத் தராசு என்று நினைக்காதீர்கள். 2019-இல் ஏஇடபிள்யூ கம்பெனி வந்தபோது, எங்கள் மேடையில் வெற்றி தோல்விக் கணக்குக்கு மதிப்பு உண்டு என்று சொல்லிக்கொண்டு வந்தது. தரவரிசைகூட வெளியிட்டது. பிறகு அந்தத் தரவரிசையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டது. ஆட்டத்துக்கு நட்சத்திரம் மட்டும் எண்ணினால் இந்தக் குறை கண்ணில் படாது. சொன்ன வாக்கை வைத்து நிறுத்தால் அங்கே மார்க்குக் குறைத்தே தீர வேண்டும். டபிள்யூடபிள்யூஇ, அதாவது பெயர் மாறிய அதே டபிள்யூடபிள்யூஎஃப், விற்பது கதை. கோடி ரோட்ஸ் 'என் கதையை முடிக்க வந்திருக்கிறேன்' என்று சொல்லிச் சொல்லி 2023 ஏப்ரலில் ரெஸில்மேனியாவில் ரோமன் ரெயின்ஸிடம் தோற்றார். ஆட்டம் நல்ல ஆட்டம். ஆனால் வீட்டுக்குப் போன ரசிகன் வயிறு நிறையாமல்தான் போனான். மறு வருடம் அதே விழாவில் ஜெயிக்க வைத்தார்கள், 1,316 நாள் பட்டத்தை வைத்திருந்த ரெயின்ஸ் இறங்கினார். அந்த இரண்டு இரவுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுடைய தராசில் மட்டும்தான் தெரியும்.

காலையில் நீங்கள் என்ன பார்த்தீர்கள்? குறித்த தூரத்தை எருது எத்தனை நொடியில் கடந்தது என்று பார்த்தீர்கள். அலங்காநல்லூரில் திமிலை யார் பிடித்தார்கள் என்று பார்ப்பார்கள். இங்கே முதல் பரிசு வாங்கிய மாட்டை யாராவது 'அதை எவனுமே பிடிக்கப் பார்க்கவில்லையே, எப்படிப் பரிசு' என்று கேட்டால் ஊர் சும்மா விடுமா? என் மண்டிக்கு வாருங்கள். கூழ் ஃபேக்டரி ஆள் வந்தால் பெங்களூராவை மோந்து பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். சதைப்பற்று எவ்வளவு, கூழ் எவ்வளவு இறங்கும் என்பார். அல்போன்சா வாங்க வருகிறவர் மோந்து பார்க்காமல் பையைத் திறக்கவே மாட்டார்.

எதிரணி கேட்கும் ஒரே தராசு சின்ன வயதில் என் கால்சட்டைப் பையிலேயே இருந்தது. ட்ரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு, ரேங்க், எல்லாம் எண்ணில். எடை என்று கூப்பிட்டால் யோகோசுனா கார்டு வைத்திருந்தவன்தான் ஜெயிப்பான். எல்லாக் கார்டையும் ஜெயித்தவனுக்கும் சனிக்கிழமை டிவியில் பார்க்கப் பிடித்த ஆள் வேறொருவராக இருந்தார். 2007-இல் நம் இமாச்சலத்து மல்லர் கிரேட் காளி உலகப் பட்டம் ஜெயித்தபோது ஆட்ட நுணுக்கம் பேசுகிறவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் நடப்பதே கஷ்டம், அது உண்மைதான். இருந்தும் எங்கள் தெருப் பையன்கள் அன்றைக்கு நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

மணி அடித்துவிட்டீர்கள், இறங்குகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள் நடுவர் ஐயா. தீர்ப்பு யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் நான் பேச ஆரம்பித்ததிலிருந்து ஆசிரியர் அண்ணன் தன் இரும்பு நாற்காலியை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டே நிற்கிறார். முதலில் அதை விரித்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். ரெஸ்லிங் பார்த்தவன் நான், எனக்குப் பயமாக இருக்கிறது. வணக்கம்.