ஈசனோபில் ஏறினா எல்லாமே பூச்சிதானா?

காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மாங்கா சீசன்ல கூடை தூக்கினதுல இருந்து அப்பாவுக்கு ரெண்டு முன்கையும் ரெண்டு கெண்டைக்காலும் வீங்கி வலி. இப்ப தோல் இறுகிருச்சு. ரத்தத்துல ஈசனோபில்ங்கிற வெள்ளை அணு ஏறி 22 பர்சன்ட். பூச்சி மாத்திரை குடுத்தாச்சு, யானைக்கால் டெஸ்ட்டுலயும் ஒண்ணும் இல்ல. ராத்திரி படிச்சதுல இருந்து எனக்கு மனசு அதுலயேதான் இருக்கு.

ஈசனோபில் ஏறினா நம்ம ஊர்ல முதல்ல பூச்சியைத் தேடுறது சரிதான். ஆனா யானைக்கால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கூடுதலா வீங்கும். ரெண்டு கை, ரெண்டு கால் ஒரே மாதிரி இறுகினா ஈசனோபிலிக் ஃபேசியைட்டிஸையும் யோசிக்கணும். 1974ல ஷுல்மன்ங்கிற அமெரிக்க டாக்டர் எழுதினது. கோழிக்கறி வெட்டும்போது சதை மேல வெள்ளையா ஒரு ஜவ்வு உரிஞ்சு வருமே, அதுதான் ஃபேசியா. அது அழற்சியாகித் தடிச்சுப் போறதுதான் இந்த வியாதி. சிலருக்குப் பழக்கமில்லாத கடும் உழைப்புக்கு அப்புறம் ஆரம்பிக்கும்.

பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், நான் என்ன சொல்வேன்னு: கையைத் தூக்கிப் பாருங்க! தொங்கப் போட்டா புடைச்சு நிக்கிற பச்சை நரம்பு, தூக்கினதும் ஏர் ஓட்டின சால் மாதிரி உள்ள குழியும். அப்புறம் விரலைப் பாருங்க. தோல் இறுகுற இன்னொரு வியாதி ஸ்கிளிரோடெர்மா. அதுன்னா விரல் இறுகும், ஓசூர் மார்கழிக் குளிர்ல வெளுத்து நீலமாகும். இதுல விரல் பெரும்பாலும் தப்பிச்சுக்கும்.

தம்பி கேக்கலை, ஆனா கேட்டிருக்கணும்: பயாப்சிக்கு, அதாவது டெஸ்ட்டுக்குத் துண்டு எடுக்கிறது, எவ்வளவு ஆழம்? பென்னாகரம் பக்கம் ஒரு அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில மேல்தோலை மட்டும் எடுத்து நார்மல்னு அனுப்பிட்டாங்க. எட்டு மாசம் போயிருச்சு. என்கிட்ட வந்து கும்பிட்டாங்க, ரெண்டு உள்ளங்கையும் ஒட்டவே இல்ல. நடுவுல ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம். தோல், கொழுப்பு, ஜவ்வு, சதை வரைக்கும் சேத்து எடுத்தோம், அதுலதான் தெரிஞ்சுது. எங்க எடுக்கணும்னு எம்ஆர்ஐ காட்டிக் குடுக்கும். மேலாப்புல எடுத்தா வியாதி தெரியாதுங்க, ஆழமா எடுக்கணும்!

இதுக்கு முதல் மருந்து ஸ்டீராய்டுதான். அதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பயாப்சி எடுத்துட்டா நல்லது. பூச்சி மாத்திரை குடுத்ததும் வீண் இல்ல தம்பி. ஸ்டிராங்கிலாய்ட்ஸ்னு ஒரு புழு இருக்கு, அது உள்ள இருக்கும்போது ஸ்டீராய்டு குடுத்தா உயிருக்கே ஆபத்து. ரத்தத்துல வேற கோளாறு இருக்கான்னும் பாத்துக்கணும். அப்புறம் பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு, தேவைப்பட்டா கூட மெத்தோட்ரெக்சேட்ங்கிற மருந்து. மூட்டு மடங்கி நிக்கிறதுக்குள்ள ஆரம்பிக்கணும். நாளைக்குக் காலையில வெளிச்சத்துல அப்பா கையைத் தூக்கிப் பாருங்க, அந்தச் சால் தெரிஞ்சா போட்டோ எடுத்துக்கிட்டு ருமட்டாலஜி (மூட்டு, வாத நோய்) டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.