சும்மா ஒரு ரவுண்டு

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல இருக்கற தமிழ் பொண்ணுங்களப் பத்தி ஏதாவது பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. படிப்பு, வேலை, சம்பளம், கல்யாணம்னு பேசறதுக்கு நெறைய பேர் இருக்காங்க, நான் பேச வந்தது அதுக்கெல்லாம் நடுவுல இருக்கற நேரத்தப் பத்தி. ஆபீஸ் விட்டதுக்கும் வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டறதுக்கும் நடுவுல ஒரு அரை மணி நேரம், ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரம், ஒரு வேலையும் இல்லாம, யாருக்காகவும் இல்லாம, சும்மா வெளிய சுத்திட்டு வர்ற நேரம். கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயம்ங்க, பல வருஷமா யாரப் பாத்தாலும் இதத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்.

நான் பொறந்து வளந்தது பெங்களூர்லயே, அல்சூர்ல. எங்க தெருவுல பசங்க "வெளிய போயிட்டு வரேன்"னு சொல்லிட்டு கெளம்பிப் போயிடுவாங்க, அவ்ளோதான், அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பொண்ணுங்களுக்கு அது பத்தாது. எங்க போற, யாரோட போற, எதுக்குப் போற, எப்ப வருவ? நாலுக்கும் பதில் வேணும். அதனால ஒவ்வொரு பொண்ணும் ஒரு காரணத்த ரெடியா வச்சிருப்பா, கோயில், கறிவேப்பில, ஜெராக்ஸ், டைலர்கிட்ட குடுத்த பிளவுஸ். கேட்டுக்கிட்டு இருக்கற அக்காங்க தங்கச்சிங்க உங்களுக்கே தெரியும், அந்த பிளவுஸ் புதன்கெழமையே ரெடியா இருந்திருக்கும், ஆனா நாம சனிக்கெழம வரைக்கும் அத வாங்க மாட்டோம்.

எங்க அம்மாவுக்கு அந்தக் காரணம் சோமேஸ்வரர் கோயில். அல்சூர்ல ரொம்பப் பழைய கோயில், பாத்திருப்பீங்க. சாமி கும்பிட அஞ்சு நிமிஷம், அப்புறம் அந்தக் கல் திண்ணையில உக்காந்து பக்கத்துத் தெரு அம்மாக்களோட பேச ஒரு மணி நேரம். சின்ன வயசுல நான் "போலாம்மா போலாம்மா"ன்னு முந்தானையப் புடிச்சு இழுப்பேன். அந்த ஒரு மணி நேரம் அவங்களுக்கு எவ்ளோ வேணும்னு நானும் வேலைக்குப் போக ஆரம்பிச்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது. எங்க ஏரிக்கரையில திருவள்ளுவர் சிலை இருக்கே, பல வருஷம் மூடியே கெடந்து 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி தொறந்தாங்களே, அப்ப நான் ஸ்கூல் படிச்சிக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் எங்க செட்டு பொண்ணுங்களுக்கு அதுதான் கூடற எடம். "வள்ளுவர்கிட்ட நிக்கறேன், வா"ன்னா போதும், வீட்டுலயும் வள்ளுவர்னு சொன்னா சரி போயிட்டு வான்னுடுவாங்க!

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வரேன், தர்ஷினி. பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு தர்ஷினின்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, தெருவுக்குத் தெரு இருக்கு. 1983ல ஜெயநகர்ல ஆரம்பிச்சதுங்க இந்த மாதிரி ஓட்டல். கவுண்டர்ல காசக் குடுத்து பில்ல வாங்கி, அந்தப் பில்ல உள்ள நீட்டினா தட்டு வரும், தூக்கிட்டு வந்து நெஞ்சு ஒசரத்துக்கு ஒரு மேஜ இருக்கும், அதுல வச்சு நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டு போயிடலாம். சீக்கிரம் ஆகும், வெல கம்மின்னு எல்லாரும் சொல்வாங்க, நெசந்தான். ஆனா நான் பாக்கறது வேற.

தனியா ஒரு பொண்ணு ஓட்டலுக்குப் போனா என்ன நடக்கும்னு கொஞ்சம் யோசிங்க. வாசல்லயே "எத்தன பேரு மேடம்"னு கேப்பாங்க. ஒருத்தின்னா முகத்த ஒரு தடவ பாத்துட்டு மூலையில சொவரப் பாத்த மாதிரி ஒரு டேபிள் காட்டுவாங்க. எதிர்ல ஒரு நாற்காலி காலியா இருக்கும், யாராவது வருவாங்களான்னு சப்ளையரும் பாப்பாரு, பக்கத்து டேபிளும் பாக்கும். தர்ஷினியில காலி நாற்காலியே கெடையாது, ஏன்னா நாற்காலியே கெடையாது! ஆட்டோக்காரர், காலேஜ் பசங்க, பெரிய கார்ல வந்தவர், கீரக்கட்டோட ஒரு பாட்டி, எல்லாரும் ஒரே மாதிரி நிக்கறாங்க, நானும் நிக்கறேன். யாரு தனியா வந்தாங்க யாரு சேந்து வந்தாங்கன்னே தெரியாது. எனக்குத் தெரிஞ்சு பொண்ணுங்க தனியா நிம்மதியா சாப்பிடறதுக்கு இத விட நல்ல ஏற்பாட யாரும் செய்யல, இத நான் எத்தன தடவ வேணும்னாலும் சொல்வேன்.

இதுல எங்க அத்தை கதை ஒண்ணு இருக்கு, அதச் சொல்லாம விட மாட்டேன். அப்பாவோட அக்கா, வாணியம்பாடியில இருக்காங்க, வயசு அறுபதத் தாண்டியாச்சு. எங்க வீட்டுக்கு வந்திருந்தப்ப பசவனகுடி பக்கம் கூட்டிட்டு போனேன், பெரிய நந்தி கோயில் பாத்துட்டு வெளிய வந்தா பசி. ஒரு தர்ஷினிக்குள்ள நொழஞ்சோம். அத்தை உள்ள வந்ததும் அப்பிடியே ஓரமா நின்னுட்டாங்க, கண்ணு உக்கார எடம் தேடுது. "ஏன்டி கண்ணு, பெஞ்சு எங்க?"ன்னாங்க. நின்னுக்கிட்டுதான் அத்தைன்னேன். "தெருவப் பாத்துக்கிட்டா?"ன்னாங்க. ஆமான்னேன். ஒண்ணும் பேசல, முந்தானைய இழுத்து சொருகிக்கிட்டு மேஜகிட்ட வந்தாங்க.

சௌசௌ பாத் வாங்கினேன், ஒரே தட்டுல இந்தப் பக்கம் கேசரி, அந்தப் பக்கம் காரா பாத், அதான் காரமா ஒரு ரவா உப்புமா, கிண்ணத்துல அமுக்கிக் கவுத்தின மாதிரி ரெண்டு உருண்டையா நிக்கும், கேசரியில நெய் மின்னும், காரா பாத் மேல தேங்கா சட்னி வழியும். அத்தை மொதல்ல ஸ்பூன எடுக்கவே இல்ல, சுத்திப் பாத்தாங்க, ஒருத்தரும் அவங்களப் பாக்கல. அப்புறம் ஸ்பூன ஓரமா வச்சுட்டு கையாலயே ரசிச்சு சாப்பிட்டாங்க. சாப்பிட்டுக்கிட்டே பேசறாங்க, நாங்க எல்லாம் ஓட்டலுக்குப் போனா ஃபேமிலி ரூமுன்னு ஒண்ணு இருக்கும் கண்ணு, கதவு போட்டிருக்கும், உள்ள ஃபேன் கூட சரியா சுத்தாது, என்ன வேணும்னு உங்க மாமாதான் சொல்லுவாரு, நான் இது வரைக்கும் ஒரு ஓட்டல்ல வாயத் தொறந்து இது குடுன்னு கேட்டதில்லன்னு. அறுபது வயசு தாண்டினவங்க, ஊர்ல அத்தன கல்யாணத்துக்கு முன்ன நின்னு சமையல் பாத்தவங்க, ஒரு காபி கேட்டதில்லயாம்.

சரி காபி வாங்கிட்டு வரேன்னு நான் திரும்பறேன், "இரு"ன்னாங்க. இடுப்புல இருந்த சுருக்குப்பைய அவுத்து காச எடுத்துக்கிட்டு அவங்களே கவுண்டருக்குப் போனாங்க. நான் பின்னாடியே போகல, வேணும்னேதான் போகல. கவுண்டர்ல இருந்தவர் கன்னடத்துல என்னமோ கேட்டாரு, அத்தை தமிழ்ல "காபி ரெண்டு, சக்கர கம்மியா"ன்னாங்க, அவரும் உடனே "சக்கர கம்மி உள்ள சொல்லுங்கம்மா"ன்னு தமிழ்லயே சொன்னாரு. ரெண்டு டம்ளரையும் விளிம்பப் புடிச்சு சூட்டோட தூக்கிட்டு வந்தாங்க பாருங்க, அந்த முகத்த நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. ஊருக்குப் போயி போன் பண்ணினப்ப ரயில் கூட்டத்தப் பத்தி சொல்லல, நந்தியப் பத்தி சொல்லல, அந்தக் கடையில ஞாயித்துக்கெழமையும் காரா பாத் போடுவாங்களான்னு கேட்டாங்க. போடுவாங்க அத்தைன்னேன், அப்ப பொங்கல் கழிச்சு வரேன்னாங்க. வந்தாங்களும்!

நந்தி கோயில் போன அன்னிக்கு திரும்பி வர்றப்ப பஸ்ஸுல எனக்கு ஜீரோ டிக்கெட், அத்தைகிட்ட தமிழ்நாட்டு ஆதார், அதனால அவங்களுக்கு மட்டும் காசு குடுத்து டிக்கெட் எடுத்தோம். 2023 ஜூன் 11ல சக்தி திட்டம் வந்ததுல இருந்து கர்நாடகாவுல இருக்கற பொம்பளைங்களுக்கு அரசு பஸ்ஸுல காசு இல்லாம ஜீரோ டிக்கெட்தான், ஏசி பஸ்ஸுக்கு இந்தச் சலுகை கெடையாது, சாதா பஸ்ஸுக்கு உண்டு. இதப் பத்தி வாதம் எல்லாம் நடக்குது, நடக்கட்டும். நான் பாத்தத சொல்றேன். முன்ன எல்லாம் ரெண்டு பஸ் மாறிப் போற எடம்னா அம்மா மனசுக்குள்ள கணக்குப் போடுவாங்க, போக இவ்ளோ, வர இவ்ளோ, அந்தக் காசுக்கு ஒரு கிலோ தக்காளி வாங்கிடலாம், வேணாம்டி அடுத்த மாசம் பாத்துக்கலாம்னுடுவாங்க. இப்ப கணக்கு இல்ல. பஸ்ஸுல போறப்ப ஏதோ ஒரு கோயில்ல மேளச் சத்தம் கேட்டா எறங்கிப் பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிக்கலாம். அம்மா அப்பிடி எறங்கறாங்க. ஒரு நாள் ராத்திரி ஏன் லேட்டுன்னு நான் கேக்கறேன், "சும்மா ஒரு ரவுண்டு போனேன்"ன்னாங்க. இந்த வார்த்தைய எங்க அம்மா வாயில இருந்து கேக்கறதுக்கு நான் இத்தன வருஷம் காத்திருந்தேன்ங்க.

இந்த ரவுண்டுக்கு லால்பாக் மாதிரி எடம் கெடையாது. 1760ல ஹைதர் அலி ஆரம்பிச்ச தோட்டம், இன்னிக்கு 240 ஏக்கர். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் கண்ணாடி மாளிகையில மலர்க் கண்காட்சி வைக்கறப்ப ஊரே அங்கதான் இருக்கும், அது ஒரு அழகு, ஆனா எனக்குப் புடிச்சது கூட்டம் இல்லாத சாதாரண நாள். உள்ள ஒரு பெரிய பாறை இருக்கே, மேல பெங்களூர உண்டாக்கின கெம்பே கவுடா கட்டின கோபுரம்னு சொல்வாங்களே, அந்தப் பாறைக்கு வயசு ஏறக்கொறைய 300 கோடி வருஷம்னு போர்டு வச்சிருக்காங்க. சாயங்காலம் அது மேல உக்காந்தா பகல் வெயில் சூடு இன்னும் கல்லுல இருக்கும், பாவாடை வழியா இதமா ஏறும், காத்து மட்டும் குளுகுளுன்னு அடிக்கும். ஆபீஸ்ல யாரு என்ன சொன்னா, எந்த ஃபைல் பாக்கி, ஒண்ணும் அந்தப் பாறை மேல ஞாபகம் வராது. கையில வேர்க்கடல பொட்டலம் இருந்தா போதும்.

மரத்தப் பத்தியும் சொல்லணும். வேலைக்குப் போற வர்ற வழியிலயே பாருங்க, தை மாசி ஆனா ரோஸ் கலர்ல தபேபுயா, அப்புறம் ஊதாவா ஜக்கராண்டா, வெயில் ஏற ஏற செவப்பா குல்மொஹர். இது தானா அமைஞ்சது இல்ல. க்ரும்பீகல்னு ஒரு ஜெர்மன்காரர், 1908ல பெங்களூருக்கு வந்து லால்பாக்க கவனிச்சவர், ஒரு மரம் பூத்து முடிஞ்சா அடுத்தது பூக்கணும், வருஷம் பூரா ஊர்ல எங்கயாவது பூ இருக்கணும்னு பாத்துப் பாத்து நட வச்சாரு. காசு குடுக்காம பாக்கற அழகு இது. செல்போனக் கொஞ்சம் பைக்குள்ள போட்டுட்டு மேல பாருங்க, அதான் நான் கேக்கறது.

ஆனா வெளிய சுத்தணும்னா சுத்தற மாதிரி ஊர் இருக்கணும். தெருவுல வெளக்கு எரியணும், ராத்திரி ஒம்பது மணிக்கு மேலயும் பஸ் வரணும், கை வைக்கற மாதிரி சுத்தமா ஒரு கழிவறை இருக்கணும். இந்தக் கடைசி விஷயத்த யாரும் மேடையில பேச மாட்டேங்கறாங்க, நான் பேசறேன். வெளிய கெளம்பினா பொண்ணுங்க தண்ணி குடிக்கறத நிறுத்திடறாங்க, தெரியுமா உங்களுக்கு? பாட்டில் பையில இருக்கும், குடிக்க மாட்டாங்க. ஒரு நல்ல கழிவறை இருந்தா அந்தப் பூங்காவுல ஒரு பொண்ணு இன்னும் ஒரு மணி நேரம் உக்காருவா, இல்லன்னா எழுந்து வீட்டுக்கு ஓடணும். வெளக்கு, பஸ், கழிவறை. கவுன்சிலர் ஓட்டு கேக்க வந்தா இந்த மூணையும் கேளுங்க. அதே மாதிரி நெறைய பிஜியில, அதான் பொண்ணுங்க வாடகைக்குத் தங்கற விடுதியில, ஒம்பதரைக்கு கேட்டப் பூட்டறாங்க, வேலைக்குப் போற, சம்பளம் வாங்கற பொண்ணுங்கள. ராத்திரி ஷிஃப்டுக்குப் போனா விடறாங்க, ஐஸ்க்ரீம் சாப்பிடப் போனா விட மாட்டேங்கறாங்க. வேலைக்குன்னா பத்திரம், சந்தோஷத்துக்குன்னா ஆபத்தா? எனக்கு இது புரியவே இல்ல, புரிய வேண்டியதும் இல்ல, மாத்தணும், அவ்ளோதான்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டறாங்க, ரெண்டு நிமிஷம்தானாம். திருவிழாங்களப் பத்தி தனியா சொல்லணும்னு எழுதி எடுத்துட்டு வந்தேன், வேகமா சொல்லிடறேன். செப்டம்பர் 8 சிவாஜி நகர் மாதா கோயில் தேர், அதுக்கு முன்னாடி ஆகஸ்ட் 29 கொடியேத்தறதுல இருந்தே அந்தத் தெரு பூரா வளையல் கடை, எந்த மதமா இருந்தாலும் பொண்ணுங்க போவாங்க, நானும் வருஷா வருஷம் போவேன். கன்னட சைத்ர மாசப் பௌர்ணமிக்கு பெங்களூர் கரகத் திருவிழா, அன்னிக்கு விடிய விடிய தெருவுல பொம்பளைங்க இருப்பாங்க, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அல்சூர் பூப்பல்லக்கும் அப்பிடித்தான், அதப் பத்தி மட்டுமே ஒரு நாள் பேசலாம், இன்னொரு தடவ கூப்பிட்டா பேசறேன்.

அப்புறம் கடலெக்காய் பரிஷே, அதான் வேர்க்கடலத் திருவிழா. கன்னட கார்த்திக மாசம் கடைசி திங்கக்கெழம, நம்ம தமிழ் கார்த்திகை இல்ல, பசவனகுடியில அந்த நந்தி கோயில் இருக்கற புல் டெம்பிள் ரோட்டுல. ரோட்டோட ரெண்டு பக்கமும் வேர்க்கடல குவியல் குவியலா கொட்டி வச்சிருப்பாங்க, பச்சையா, வேக வச்சது, வறுத்ததுன்னு. தமிழ்நாட்டுல இருந்தும் வெவசாயிங்க வருவாங்க, தமிழ்லயே பேரம் பேசலாம். பகல்ல கூட்டம் நெரியும், வேல முடிச்சுட்டு சாயங்காலம் மெதுவா போங்க, துணிப்பை ஒண்ணு எடுத்துக்கோங்க, தனியாவே போங்க. வணக்கம்.