வாளை வீசியாயிற்று, மறுகா?

நடுவர் அவர்களே, வாளோடு வந்திருக்கும் எதிரணி நண்பர்களே, மட்டக்களப்பின் கல்லடிக் கடற்காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்தில் வேர்த்துக்கொண்டிருக்கும் சபையோரே, வணக்கம்.

மேசையைச் சுற்றி ஆடும் கதை விளையாட்டில், ஆட்டக்காரரை வீரச் சண்டையிலிருந்து திருப்பலாமா, கூடாதா? இதுதான் தலைப்பு. திருப்பத்தான் வேண்டும் என்கிறது எங்கள் அணி. தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாகிறார்கள், ஒருவர் கதையை நடத்துகிறார். எங்கள் மேசையில் அவரைப் பகிடியாக அண்ணாவியார் என்போம், கூத்துப் பழக்குகிறவரைப் போல. சந்தேகமான இடத்தில் இருபது முகப் பகடை உருளும்.

எனக்கு முன் பேசிய தம்பி, இந்த விளையாட்டே போரில் பிறந்தது என்றார். உண்மைதான். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ், பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து கிளைத்தது. ஆனால் தம்பி பாதியில் நிறுத்திவிட்டார். அந்தக் காலத்து விதியில் ஒரு பொற்காசைத் தூக்கி வந்தால், பாத்திரத்தை வளர்க்கும் அனுபவப் புள்ளி ஒன்று. பூதத்தைக் கொன்று கிடைப்பதைவிடப் புதையலில் கிடைப்பதுதான் பெரும்பாலும் அதிகம். அதனால் கெட்டிக்காரர்கள் பூதம் தூங்கும்போது பூனைபோல நடந்தார்கள். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு அந்தப் பொற்காசுப் புள்ளியை, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு ஒதுக்கிவிட்டது. வெட்டினால் புள்ளி கூடும் என்றால் யார் வாளை உறையில் வைப்பார்? தம்பி அதை வீரம் என்கிறார். எனக்கு அது புள்ளிக் கணக்காகத்தான் தெரிகிறது.

சரி, எப்படித் திருப்புவது? சண்டை கூடாது என்று அண்ணாவியார் பிரசங்கம் வைத்தால் அடுத்த சனிக்கிழமை மேசையில் அவர் மட்டும்தான் இருப்பார். எங்களிடம் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. மட்டக்களப்பார் மூச்சுக்கு மூச்சு சொல்லும் சொல்: மறுகா? அதாவது, பிறகு?

ஒரு நாள் நான் கதை நடத்தினேன். ஆற்றங்கரைத் தோணிக்காரன் கூலியைக் கூட்டிக் கேட்டான். நம் வீரர்கள் நாலு பேரும் பத்து நிமிடத்தில் அவனை முடித்துவிட்டார்கள். ஒரே கைதட்டல். நான் தடுக்கவில்லை. "மறுகா?" என்றேன். தோணியை ஓட்ட ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது கரையில் ஒரு பெண் சோற்றுப் பார்சலோடு வந்து, "இவரை எங்கேயும் கண்டீங்களா?" என்று கேட்டாள். மேசையில் ஒரு சத்தமில்லை. அன்றைக்கு மிச்சமிருந்த இரண்டு மணி நேரமும் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதிலேயே போனது. பகடையை ஒருவரும் தொடவில்லை. நான் நடத்தியதிலேயே நல்ல ஆட்டம் அதுதான்.

வீரம் போனால் கதை செத்துவிடும் என்கிறார்கள் எதிரணியினர். மதுரை எரிந்ததோடு கண்ணகி கதையை நாம் முடித்துக்கொண்டோமா? வைகாசியில் காரைதீவு, தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில்களில் அவள் கதையான வழக்குரை பாடி, அவளைக் குளிரவைக்கும் குளிர்த்தியும் பாடி, அம்மனின் கோபத்தை ஆற்றித்தானே அனுப்புகிறோம்? புறநானூற்றைத் தூக்கிக் காட்டினார்கள். அதே புறநானூற்றில்தான் மோதிக்கொண்ட சோழர்கள் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே புலவர் கோவூர் கிழார் போய் நின்று, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். அந்தப் பாத்திரத்தை ஆட எனக்குக் கொடுங்கள், என் பத்து வாள்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இதைச் சிரிக்காமல் சொல்கிறேன். ஒரு கதை தொடங்குமுன் எங்கள் மேசையில் ஒருவர், "இதில் துவக்கு மட்டும் வேண்டாம்" என்றார், துப்பாக்கியைத்தான் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. போரைக் கண்ட இந்த ஊரில் அதைக் கேட்கத் தேவையில்லை. ஆட்டக்காரரின் சுதந்திரம் என்று பேசிய தங்கை, அவருடைய சுதந்திரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடிக்கிறேன். போன சனிக்கிழமை எங்கள் கதையில் ஒரு கொள்ளைக்காரன் வழிமறித்தான். தோணிக்காரனை முதலில் வெட்டிய அதே பொடியன் பகடையைக் கையில் எடுத்தான், குலுக்கினான், பிறகு கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "அண்ணாவியார், இவனுக்கு வீட்டில் ஆர் இருக்கிறார்கள்?"

நன்றி, வணக்கம்.