வெந்தயக் கூழில் பிறந்த சக்கேயு

பங்குத்தந்தை அவர்களே, மறைக்கல்வி ஆசிரியர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வருகிற ஜனவரி 20, செபஸ்தியார் திருவிழாவுக்கு நீங்களும் பொம்மலாட்டம் போடப்போகிறீர்கள் என்று கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் பங்கில் செய்ததைச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரே ஒரு வேண்டுகோள்: பொம்மையைக் கடையில் வாங்காதீர்கள்.

எங்கள் பங்கில் மேடை ஏறுகிறவர்கள் வருடா வருடம் அதே பத்துப் பேர்தான். பாட்டு அவர்கள், நடனம் அவர்கள், நாடகமும் அவர்கள். பொம்மை செய்ய உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். முதலில் வந்தது எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. காகிதக் கூழ் சரியாக வராமல் நாங்கள் திண்டாடியபோது, "வெந்தயம் போடாமல் எப்படிப்பா ஒட்டும்?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு காகிதக் கூடை செய்தார்களே, அதே பக்குவம்தான். பழைய பேப்பரைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைக்க வேண்டும். வெந்தயத்தின் வழவழப்பு கூழை இறுகப் பிடித்துக்கொள்ளும். கசப்புக்குப் பூச்சியும் அண்டாது. பசையில் மயில்துத்தம் கலக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது விஷம், பிள்ளைகள் கை படுகிற இடம்.

ஆள்காட்டி விரல் நுழைகிற அளவுக்கு ஓர் அட்டைக் குழாய் செய்து, அதன் தலையில் பேப்பர் உருண்டையைக் கட்டி, மேலே கூழை அப்பி முகம் பிடியுங்கள். நன்றாகக் காய நாலைந்து நாள் வெயில் வேண்டும். பிறகு வெள்ளை அடித்து வண்ணம் தீட்டலாம். கண்ணும் மூக்கும் பெரிதாக இருக்கட்டும், கடைசி வரிசைக்கு வேறொன்றும் தெரியாது. சட்டைக்குத் தையல்கடை வெட்டுத்துணி போதும். ஆள்காட்டி விரல் தலைக்கு, கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு கைகளுக்கு. கதகளி வேடம் போட்ட பொம்மைகளை ஆட்டுகிற நம் பாலக்காட்டுப் பாவக்கதகளிக் கலைஞர்களும் இப்படி விரல்களில் மாட்டித்தான் ஆட்டுகிறார்கள்.

பொம்மலாட்டம் கோயிலுக்கு ஒத்துவருமா என்று எங்கள் பங்கில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இதே மாவட்டத்தில் பத்திரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில், அதாவது கூத்துக்கென்றே கட்டிய மேடைகளில், தோல்பொம்மைகளின் நிழலை ஆட்டும் தோல்பாவைக் கூத்து நடக்கிறது. 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, திரைக்குப் பின்னால் புலவர்கள் இராமாயணம் பாடுகிறார்கள். பாடுவது யாருடைய பாட்டு? நம் கம்பனுடையது. மலையாள ஊரின் நடுவில், தமிழ்ச் செய்யுள். எதிரே பார்க்க ஒருவர்கூட இல்லாவிட்டாலும் பாதியில் நிறுத்த மாட்டார்கள், அம்மன் பார்க்கிறாள் என்பது நம்பிக்கை. அந்தப் பக்தி நமக்கும் வேண்டும் என்று நான் சொன்னேன். பெரியவர் மறுநாள் தன் வேட்டியைத் திரைக்குக் கொடுத்தார்.

கதைக்குச் சக்கேயுவை எடுத்தோம், பைபிளில் இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவர். குள்ளமான மனிதர், ஒரு மரம், ஒரு கூட்டம். பொம்மைக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்தவர்கள் நாம். வரி வசூலிப்பவர் யார் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. மரத்துக்கு மணல் நிரப்பிய டின்னில் ஒரு புளியங்கிளை.

இயேசுவுக்குப் பொம்மை செய்வதா என்று பிள்ளைகள் இரண்டு நாள் வாதாடினார்கள். கடைசியில் செய்யவில்லை. ஓரத்திலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் நகர்ந்து வரும், மரத்தடியில் நிற்கும், குரல் மட்டும் சக்கேயுவை இறங்கிவரச் சொல்லும். அந்த இடத்தில் முற்றம் முழுக்க அமைதியாகிவிட்டது. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று சக்கேயு சொன்னபோது முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு காகிதத் தலைக்கு அந்தச் சக்தி இருக்கிறது.

வசனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2013இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் வரும்வரை எங்கள் பங்கு கோவை மறைமாவட்டத்தில் இருந்தது. பூசை தமிழில். ஆனால் பிள்ளைகளில் பாதிப் பேர் படிப்பது மலையாளத்தில். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அதனால் தமிழ் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு அது முதலில் வலித்தது. பிறகு அந்தத் தாளையே வைத்து, வரிக்கு மேலே தமிழ் எழுத்தை எழுதிக்காட்டினேன். நாலு பேர் ஒத்திகை முடிவதற்குள் தமிழிலேயே படிக்கத் தொடங்கினார்கள். நம் வீட்டுப் பேச்சிலேயே எழுதுங்கள். சக்கேயு செந்தமிழில் பேச வேண்டாம்.

பேசுகிற பிள்ளையே பொம்மையை ஆட்டட்டும். குரல் ஒருவர், கை ஒருவர் என்றால் பொம்மை பிந்திப்போகும். ஒரு பொம்மை பேசும்போது மற்றவை அசையக் கூடாது. மைக்கைக் கயிற்றில் தொங்கவிடுங்கள், கை இரண்டும் மேலே இருக்கும். கை வலிக்கும், அதனால் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் கதை வேண்டாம்.

அப்புறம், காற்று. ஒத்திகை எல்லாம் மண்டபத்துக்குள் நடந்தது. ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்குத் தெரியும். திருவிழா அன்று முற்றத்தில் திரை மேலே பறந்து, உள்ளே மண்டியிட்டிருந்த ஏழு பிள்ளைகளும் வெளியே தெரிந்துவிட்டார்கள். இரண்டு அப்பாக்கள் ஓடிவந்து கடைசிவரை திரையின் நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரையின் அடியில் பை தைத்து மணல் போடுங்கள்.

சக்கேயுவைக் கொண்டுவந்திருக்கிறேன், பின்மேசையில் இருக்கிறார். மூக்கு மட்டும் கொஞ்சம் உடைந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சட்டியில் வெந்தயமும் பேப்பரும் ஊறிக்கொண்டிருக்கின்றன. ஆட்டுக்கல் யார் வீட்டில் இருக்கிறது?