காந்தம் ஒட்டாத இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

முதன்முறையாக ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்களுக்காகப் பேச அழைத்திருக்கிறார்கள். என் கை பழகிய ஒரே வண்டியை வைத்துப் பேசுகிறேன். அதன் பெயர் எம்ஜிபி. இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்தார்கள். துணிக்கூரையை மடித்து வைத்துவிட்டு வானத்துக்குக் கீழே ஓட்டிப் போகலாம். அந்தத் திறந்த வண்டியும், இரும்புக் கூரை வைத்த ஜிடி வண்டியுமாகச் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதனால்தான் முதல் வண்டியாக இதைச் சொல்கிறேன். இன்றைக்கும் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை. 1988 முதல் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

இதன் 1798 சிசி இன்ஜினைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்கள் சிலருக்குத் தெரிந்த முகமாக இருக்கும். பழைய அம்பாசடர் பெட்ரோல் வண்டியில் ஓடிய 1489 சிசி இன்ஜின் இதே குடும்பம், பி சீரிஸ். என் அப்பா மதுரையில் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். பானெட்டுக்குள் அவர் தலையை விட்டுக்கொண்டு நிற்க, பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊரில் குடியேறிப் பல வருடம் கழித்து ஒரு எம்ஜிபியின் பானெட்டைத் திறந்தபோது, அந்த நீலப்புகை நாட்களெல்லாம் திரும்பி வந்தன. வாங்கியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அப்பாவுக்கு போன் செய்தேன். அவர் சொன்னது இதுதான்: "பெயின்ட்டு எவன் வேணாலும் அடிப்பான்டா தம்பி. அடியில படுத்துப் பாரு. இன்ஜின் போனா ரெண்டு நாள்ல இறக்கி ஏத்திரலாம். பாடி போனா வண்டியே போச்சு."

எம்ஜிபிக்கு இது அப்படியே பொருந்தும். இந்த வண்டிக்குச் சேசிஸ் என்கிற அடிச்சட்டம் தனியாகக் கிடையாது, பாடியேதான் சேசிஸ். திறந்த வண்டியில் தாங்கிப் பிடிக்கக் கூரையும் இல்லை. அப்புறம் முன்னையும் பின்னையும் சேர்த்துப் பிடிப்பது எது? கதவுக்குக் கீழே இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஓடுகிற பெட்டி போன்ற பாகம். இங்கே அதை 'சில்' என்கிறார்கள். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு அதன் முனையில், மட்கார்டுக்குப் பின்னால் போய்ச் சேரும். குளிர்காலத்தில் ரோட்டில் போடுகிற உப்பும் அதோடு சேரும். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும்.

நான் முதலில் பார்த்த வண்டி ரத்தச் சிவப்பு. கண்ணாடி மாதிரி இருந்தது. மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கதவில் வைத்தேன், கப்பென்று பிடித்தது. சில்லின் முன்முனையில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. அரை அடி தள்ளி வைத்தேன், அங்கேயும் விழுந்தது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி போட்டு, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விற்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது வண்டியில் காந்தம் ஒட்டியது. ஆனால் அதில் இன்னொரு விஷயம் இருந்தது. உளுத்துப்போன சில்லை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் வைத்துவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விற்பவரிடம் அனுமதி கேட்டு, பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜாக்கி போட்டு வண்டியை மெதுவாகத் தூக்குங்கள். தூக்கும்போது கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அன்றைக்கு அந்த இடைவெளி மேலே குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் கதவு திறக்கவே முடியாமல் மாட்டிக்கொண்டது. வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம். அதில் நம்பி ஏறக்கூடாது.

மூன்றாவது வண்டியை 2022 ஏப்ரலில் வாங்கினேன். 1972ஆம் வருட மாடல். மஞ்சள் பெயின்ட் வெளுத்துப்போயிருந்தது. சீட் கிழிந்திருந்தது, இன்ஜின் மிஸ்ஸிங் அடித்தது. ஆனால் முந்தைய உரிமையாளர் சில்களை முழுதாக வெட்டி மாற்றியிருந்தார், வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களையும் பத்திரமாக வைத்திருந்தார். அந்தப் போட்டோக்களுக்காகவே கூடுதலாகக் கொடுக்கலாம்.

வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1974 கடைசிக்குப் பிறகு வந்தவற்றில் குரோம் பம்பர் போய்க் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. அமெரிக்கச் சட்டத்துக்காக வண்டியைக் கொஞ்சம் உயர்த்தியும் விட்டார்கள். அதனால் விலை குறைவாகக் கிடைக்கும். பாடி நன்றாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். பிரிட்டனில் 40 வருடம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை. பெரிதாக மாற்றம் செய்யாத வண்டி என்றால், ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை. நான் மட்டும் வருடந்தோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். என் கண்ணுக்குப் படாதது இன்னொருவர் கண்ணுக்குப் படும்.

சரி, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் முதல் நாளே நெடுஞ்சாலையில் இறக்காதீர்கள். முதலில் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2309 என்று இருந்தால் 2009ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. பள்ளம் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருந்தது. நான்கையும் மாற்றினேன். அப்புறம் பிரேக். ரப்பர் ஓஸ்கள் உள்ளுக்குள்ளே ஊதிப்போய், மிதித்த எண்ணெய் திரும்பி வராமல் பிடித்துக்கொள்ளும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஓஸ்களையும் எண்ணெயையும் மாற்றிய பிறகுதான் தெருவைத் தாண்டினேன்.

டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தருகிற பம்ப்பின் பாஷையையும் கற்றுக்கொள்ள வேண்டும். சாவியைத் திருப்பியதும் பின் வலச் சக்கரத்துப் பக்கமிருந்து டிக் டிக் டிக் என்று சத்தம் வரும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்ப்பரேட்டர் நிரம்ப நிரம்ப அந்தச் சத்தம் மெதுவாகி நிற்கும். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் இல்லை அல்லது எங்கேயோ காற்று புகுகிறது. சத்தமே இல்லையென்றால், பம்ப்புக்குள் கரன்ட்டை விட்டு விட்டுத் தருகிற பாயின்ட் ஒட்டியிருக்கலாம். ஸ்பானர் பிடியால் லேசாகத் தட்டினால் வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும். வீட்டுக்கு வந்ததும் பம்ப்பைக் கழற்றிச் சரிசெய்துவிட வேண்டும்.

எனக்குப் பெரிய தொந்தரவு கொடுத்தது வேறு ஒன்று. இருபது நிமிடம் அருமையாக ஓடும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் பட்டென்று நின்றுவிடும். கால்மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பிரச்சினை என்று முடிவு கட்டினேன். இரண்டு எஸ்யூ கார்ப்பரேட்டர்களையும் கழற்றித் துடைத்தேன். அதன் பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் டொக்கென்று உலோகச் சத்தத்தோடு கீழே விழ வேண்டும், இரண்டும் சரியாகவே விழுந்தன. ஃபில்டர் மாற்றினேன். டேங்க்கையே இறக்கிக் கழுவினேன். இரண்டு மாதம் போனது, வண்டி மட்டும் நிற்பதை நிறுத்தவில்லை.

எம்ஓடி சோதனை செய்யும் இடத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வண்டி நிற்கும் அந்த நொடியில் ஆர்பிஎம் முள் என்ன செய்கிறது?" என்று கேட்டார். நான் கவனித்ததே இல்லை.

மறுநாள் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே வரச் சொன்னேன். மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தோம். சத்தம் அறுந்தது. நான் கிளட்சை மிதிக்கவில்லை, வண்டி உருண்டுகொண்டிருக்கிறது, அதனால் இன்ஜினும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. "ஜீரோவுக்கு வந்துடுச்சுங்க" என்றாள்.

விஷயம் இதுதான். இந்த வண்டியின் ஆர்பிஎம் மீட்டர், பிளக்கில் பொறி வரவைக்கிற இக்னிஷன் கரன்ட்டின் துடிப்பை எண்ணித்தான் முள்ளை நகர்த்துகிறது. பெட்ரோல் நின்றிருந்தால், வேகம் குறையக் குறைய முள்ளும் கூடவே மெதுவாக இறங்கியிருக்கும். இன்ஜின் சுற்றும்போதே முள் செத்து விழுந்தால் கரன்ட் போய்விட்டது. இரண்டு மாதமாக நான் பெட்ரோல் பக்கம் தேடியது தப்பான வீட்டுக் கதவைத் தட்டியது போல.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். யோசிக்கவே இல்லை அவர். "சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. கண்டன்சரைப் பாருப்பா" என்றார். ஒவ்வொரு பிளக்குக்கும் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது அந்தக் கண்டன்சர். கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு உருளை, ஒரே ஒரு ஸ்குரூ. மாற்றினேன். கையோடு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்ட்டின் இடைவெளியையும், ஃபில்லர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து 0.015 அங்குலமாக்கினேன். மறுநாள் ஆபிங்டன் வரை போய் வந்தோம். எங்கேயும் நிற்கவில்லை.

புது வண்டிக்காரர்கள் ஒரே நாளில் பாயின்ட், காயில், பிளக், பம்ப் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எதை மாற்றியதால் வண்டி சரியானது என்று தெரியாது. புதிதாகப் போட்டதிலேயே ஒன்று கெட்டுப்போயிருந்தால் அதுவும் தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள், அப்புறம் அடுத்தது. கழற்றிய பழைய பாகம் ஓடுகிற நிலையில் இருந்தால் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலும் முக்கியம். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் ஓஸ்களை அது இளக்கிக் கசியவிடும். கசிகிற பெட்ரோல் சூடான இன்ஜின்மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் ஓஸ்களைப் போட்டுவிட்டு, ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாத சூப்பர் பெட்ரோலையே நான் ஊற்றுகிறேன்.

முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கிற கிங் பின்னுக்கு ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் ஏற்றுகிற வாய். மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். அதை முடித்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில், ரோட்டில் உப்பு விழுவதற்கு முன்னால், துரு பிடிக்காமல் இருக்கச் சில்லுக்குள் நீளக் குழாய் விட்டு மெழுகு பீய்ச்சி அடிக்கிற வேலை மட்டும் பாக்கி இருக்கிறது.

நன்றி. வணக்கம்.