நெழல வெட்டிட்டு காப்பி வெக்க முடியாதுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. மைக் இரையுது, பின்னாடி இருக்கற அக்காங்களுக்கு கேக்குதுங்களா? சரி. காட்ட காப்பாத்துங்கன்னு சொல்ல நான் வரல, அத வருசா வருசம் ஜூன் மாசம் யாராவது வந்து கன்னு நட்டு போட்டோ எடுத்துட்டு சொல்லிட்டுதான் போறாங்க. நான் பேச வந்தது வருமானம் பத்தி.

1820 வாக்குல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் நம்ம ஏற்காட்டுக்கு காப்பிய கொண்டாந்தாரு. இங்க வெக்கற அரபிகா வகை காப்பி நெழல்ல வளர்ற செடி, அது உங்களுக்கு நான் சொல்லணுமா. ஆனா இப்ப பலா, அத்தி, கல்யாண முருங்கைன்னு கலந்து நின்ன எடத்துல வெறும் சில்வர் ஓக்கா வெச்சிட்டு வர்றோம். தப்புன்னு சொல்லல, நேரா வளருது, மெளகு கொடி ஏத்தலாம், பொண்ணு கல்யாணம்னா வெட்டி வித்துக்கலாம். மொத்தத்தையும் ஒரே நேரத்துல வெட்டுறோம் பாருங்க, அங்கதான் சிக்கல். வெயில் நேரா செடி மேல எறங்குனா வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டுக்கு விருந்துதான். வண்டு பட்டை வெடிப்புல முட்டை வெச்சிட்டு போயிடும், புழு உள்ள பூந்து தண்ட கொடையும், வெளிய பட்டை மேல வளையம் வளையமா மேடு தட்டும், எல மஞ்சளாவும், அப்புறம் வேரோட புடுங்கி எரிக்கறதுதான். தேங்கா நார் வெச்சு பட்டைய தேச்சு விடுங்க, நல்லதுதான், ஆனா நெழல் இல்லாத தோட்டத்துல எத்தன நாளைக்கு தேப்பீங்க?

மரம் இருந்தா தேனும் வருது, பலாவும் வருது. நம்ம மலையில இருக்கற மலையாளி பழங்குடி சனங்க காட்டுல தேனு, கடுக்கா எடுக்க 2006 வன உரிமைச் சட்டத்துல உரிமை இருக்கு, கிராம சபையில மனு குடுங்க, சும்மா இருக்காதீங்க. நெலத்த ரிசார்ட்டுக்கு வித்துட்டா நம்ம தோட்டத்துக்கே நாம வாட்ச்மேன், வேற என்ன.

கீழ சேலத்துக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், திருமணிமுத்தாறு இந்த மலையிலதான் பொறக்குது, மேல மரம் நிக்கணும்னா நெழல்ல வெளைஞ்ச காப்பிக்கு பத்து ரூவா கூட குடுத்து வாங்குங்க, எங்களுக்கு புத்தி மட்டும் சொல்லாதீங்க.

பழம் எடுக்கறதுக்குள்ள அஞ்சாறு தோட்டம் சேந்து காப்பிய ஒண்ணா விக்கலாம்னு நெனைக்கறவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் இங்கயே இருங்க, பேசுவோம்.